மூன்றடியில் நின்றுவிட்ட ஹாப்ஸ் கொடி

காரைக்குடி வீட்டுப் பின்கட்டில் வைத்த ஹாப்ஸ் கொடி (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ காய்க்கும் கொடி) மூன்றடியிலேயே நின்று, அதற்குள் மொட்டும் விட்டுவிட்டது, உரம் போதவில்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். உரத்தில் குறையில்லை. தயவுசெய்து இன்னும் கொட்டாதீர்கள்.

குறை பகல் நீளத்தில்தான். நீண்ட கோடைப் பகலில் 15, 20 அடி ஏறிவிட்டு, பகல் சுருங்கும்போது பூப்பது இந்தக் கொடியின் வழக்கம். செட்டிநாட்டில் ஆனி மாதத்தில்கூடப் பகல் 13 மணி நேரத்தை எட்டாது. அதனால் முளைத்த கொஞ்ச நாளிலேயே பருவம் முடிந்ததாக எண்ணிப் பூத்துவிடுகிறது, பாவம். குளிர்கால உறக்கமும் அதற்கு வேண்டும். நம் நாட்டில் இமாசலத்து லாகுல் பள்ளத்தாக்கில் அதைப் பயிரிட்டதற்கு அந்தக் குளிரும் ஒரு காரணம்.

விட மனமில்லையா? சரி, பொழுது சாய்ந்ததும் மூன்று நான்கு மணி நேரம் எல்இடி விளக்குப் போடுங்கள். மேற்கு வெயில் படாமல் பாருங்கள். தண்டைத் தடவினால் பூனை நாக்குப் போலச் சொரசொரக்கும். அந்த முள்மயிர்தான் கயிற்றைப் பற்றும். தேங்காய் நார்க் கயிறு போதும், வலஞ்சுழியாகச் சுற்றிவிடுங்கள். அப்புறம், வீட்டில் நாய் இருந்தால் உதிர்ந்த பூவை உடனே கூட்டி எடுத்துவிடுங்கள். நாய்க்கு அது நஞ்சு.