சர்வர் மாறிய பிறகு கிளையன்ட் செஷனுக்கு என்ன ஆகிறது? கேள்வி பதில்

நெட்வொர்க் மேனேஜ்மென்ட் சர்வர்களை இரண்டாக வைத்து, ஒன்று விழுந்தால் மற்றொன்று எடுத்துக்கொள்ளும்படி அமைத்திருப்பவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்படி மாறும் ஃபெயில்ஓவரில் விர்ச்சுவல் ஐபி (எந்த சர்வர் வேலை செய்கிறதோ அதனிடம் போகும் பொது முகவரி) நகரும், சர்வீஸ் நகரும், டேட்டாபேஸும் நகரும். ஆபரேட்டரின் பிசியில் ஓடும் கிளையன்ட் மென்பொருள் பழைய சர்வரோடு திறந்து வைத்திருந்த தொடர்பு, அதாவது செஷன், மட்டும் நகராது. பழைய சர்வரைப் பற்றிய நினைவு கிளையன்ட், ரவுட்டர், ஜாவா, டிவைஸ் என்று பல இடங்களில் தங்கியிருக்கும். எங்கே தங்கியிருக்கிறது என்று தேடுவதுதான் வேலை.

கேள்வி: நான் நைட் ஷிப்ட் ஆபரேட்டர். ஸ்டாண்ட்பை (காத்திருந்த இரண்டாவது) சர்வர் ஆக்டிவ் ஆகி அரை மணி நேரம் ஆகியும் அலாரம் விண்டோ அப்படியே நின்றது. எரர் எதுவும் இல்லை. மூடித் திறந்தால் சரியாகிவிட்டது. ஏன் சார்?

வந்த கேள்விகளிலேயே இதுதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. எரர் வந்தால் யாராவது கவனிப்பார்கள். அமைதியாக இருக்கும் அலாரம் விண்டோவைப் பார்த்து, நெட்வொர்க் நன்றாக இருக்கிறது என்று ஒரு ஷிப்ட் முழுக்க நம்பிக்கொண்டு இருக்க முடியும்.

பழைய சர்வர் கரண்ட் போய் விழுந்தால், இணைப்பை முடிக்கிறேன் என்று சொல்லும் ஃபின் பாக்கெட்டோ ரீசெட்டோ கிளையன்ட்டுக்கு வராது. உங்கள் பிசியின் கணக்கில் அந்த டிசிபி இணைப்பு இன்னும் உயிரோடு இருக்கிறது. கிளையன்ட் ஏதாவது அனுப்பினால், விர்ச்சுவல் ஐபியை வாங்கிக்கொண்ட புது சர்வர், இப்படி ஒரு இணைப்பே என்னிடம் இல்லை என்று ரீசெட் அனுப்பும், உடனே தெரிந்துவிடும். அலாரம் விண்டோ எதையும் அனுப்புவதில்லை, கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கிறது. அதனால் அதற்குத் தெரிய வழியே இல்லை.

இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று சோதிக்கும் டிசிபி கீப்அலைவ் இருக்கிறதே என்பீர்கள். அப்ளிகேஷன் கேட்டு ஆன் செய்தால்தான் அது வேலை செய்யும். ஆன் செய்தாலும் லினக்ஸில் இயல்பாக 7200 விநாடி, அதாவது 2 மணி நேரம் சும்மா இருந்த பிறகே முதல் சோதனை போகும். அதற்குப் பதிலே வராவிட்டால் 75 விநாடிக்கு ஒன்றாக 9 முறை. ஆக மொத்தம் 2 மணி 11 நிமிடம் 15 விநாடி. விண்டோஸிலும் முதல் சோதனைக்கு 2 மணி நேரம்தான். ஒரு என்ஓசிக்கு (நெட்வொர்க் கண்காணிப்பு மையத்துக்கு) இது உதவாது.

சரியான தீர்வு அப்ளிகேஷன் மட்டத்தில் ஹார்ட்பீட். 15 முதல் 30 விநாடிக்கு ஒரு முறை சர்வரும் கிளையன்ட்டும் பேசிக்கொள்ள வேண்டும். இரண்டு மூன்று முறை தவறினால் விண்டோவே சிவப்பாகி, இணைப்பு இல்லை என்று சொல்ல வேண்டும். கடைசியாகச் செய்தி வந்த நேரத்தைத் திரையில் காட்டச் சொல்லுங்கள். மென்பொருளை மாற்ற முடியாது, ஆனால் அது கீப்அலைவ் கேட்கிறது என்றால் பிசியிலேயே அந்த நேரத்தை 60 விநாடிக்குக் குறைக்கலாம்.

கேள்வி: அண்ணா, ஒரே விர்ச்சுவல் ஐபிதான். சர்வர் இருக்கும் அதே விஎல்ஏன்னில், அதாவது அதே உள் நெட்வொர்க் பிரிவில், இருப்பவர்கள் உடனே உள்ளே போய்விட்டார்கள். வேறு கட்டடத்தில் இருக்கும் எங்களுக்கு மட்டும் ரொம்ப நேரம் வரவில்லை.

அப்படியென்றால் ரவுட்டரின் ஏஆர்பி டேபிளைப் பாருங்கள் தம்பி. எந்த ஐபி எந்த மேக் முகவரியில் (நெட்வொர்க் கார்டின் முகவரி) இருக்கிறது என்ற குறிப்பு அது. விர்ச்சுவல் ஐபி புது சர்வருக்குப் போனாலும், அந்த ஐபிக்கு உரிய மேக் முகவரி பழைய சர்வருடையதாகவே ரவுட்டரில் பதிந்திருக்கலாம். சிஸ்கோ ஐஓஎஸ்ஸில் ஏஆர்பி பதிவின் இயல்பான ஆயுள் 4 மணி நேரம். ஒரே விஎல்ஏன்னில் இருக்கும் பிசிக்கள் தங்கள் பதிவைச் சீக்கிரமே சரிபார்த்துக்கொள்ளும். நீங்களோ ரவுட்டர் வழியாக வருகிறீர்கள்.

புது சர்வர் ஆக்டிவ் ஆனதும், இந்த ஐபி இனி என் மேக்கில் என்று கிராட்டூயிட்டஸ் ஏஆர்பி அனுப்ப வேண்டும். கீப்அலைவ்டி (விர்ச்சுவல் ஐபியை மாற்றும் லினக்ஸ் மென்பொருள், மேலே சொன்ன டிசிபி கீப்அலைவ் அல்ல) இதை மாறும் கணத்தில் சில முறையும், 5 விநாடி கழித்து மறுபடியும் அனுப்பும். நடுவில் ஏஆர்பி பாதுகாப்பு போட்ட சுவிட்ச் அதை விழுங்கினால் உங்கள் நிலைமைதான். இப்போதைக்கு ரவுட்டரில் அந்த ஒரு பதிவை மட்டும் நீக்குங்கள். மொத்த டேபிளையும் அழிக்க வேண்டாம். நிரந்தரமாக என்றால், விர்ச்சுவல் ஐபியை வைத்திருக்கும் மாஸ்டர் யார் என்று சர்வர்கள் முடிவு செய்யும் விஆர்ஆர்பி நெறிமுறையின் விர்ச்சுவல் மேக்கைப் பயன்படுத்தலாம். அப்போது மேக் மாறாது, ஏஆர்பி பதிவும் பொய்யாகாது. சுவிட்ச் புது போர்ட்டைக் கற்றுக்கொண்டால் போதும்.

ரவுட்டரில் மேக் இப்படியும் அப்படியும் மாறிக்கொண்டே இருந்தால் அது வேறு வியாதி: இரண்டு சர்வரும் தாங்களே மாஸ்டர் என்று நினைக்கின்றன. விஆர்ஆர்பி அறிவிப்பு ஐபி புரோட்டோகால் எண் 112இல், 224.0.0.18 என்ற மல்டிகாஸ்ட் முகவரிக்குப் போகும். சர்வர் ஃபயர்வால் அதைத் தடுத்தால் இது நடக்கும். ஒரு ஐபி எந்த மேக்கில் என்று கேட்கும் ஆர்ப்பிங் கட்டளைக்கு இரண்டு மேக் பதில் சொன்னால் சந்தேகமே வேண்டாம்.

கேள்வி: எங்களுடையது பழைய ஜாவா கிளையன்ட். ஃபெயில்ஓவருக்குப் பிறகு லாகின் ஆகிறது. டோபாலஜி மேப் (நெட்வொர்க் இணைப்பு வரைபடம்) திறந்தால் தொங்கிவிடுகிறது.

காரணம் ஆர்எம்ஐ (வேறு கணினியில் ஓடும் ஜாவா நிரலை அழைக்கும் முறை) என்றே நினைக்கிறேன். கிளையன்ட் முதலில் 1099 போர்ட்டில் ரெஜிஸ்ட்ரியை, அதாவது சேவைகளின் பட்டியலை, கேட்கும். அது சரியாக விர்ச்சுவல் ஐபிக்குப் போகிறது. பதிலாக வரும் ஸ்டப்புக்குள் (சேவையை அழைப்பதற்கான இணைப்புக் குறிப்பு) வேறொரு முகவரி எழுதியிருக்கும். அடுத்த அழைப்புகள் அங்கேதான் போகும். சரியான கடையில் விசாரித்து, அவர்கள் கொடுத்த பழைய போன் நம்பரை டயல் செய்வது போல. ஜாவாவின் ஆர்எம்ஐ சர்வர் ஹோஸ்ட்நேம் அமைப்பில் என்ன இருக்கிறது என்று இரண்டு சர்வரிலும் பாருங்கள். விழுந்த சர்வரின் சொந்த ஐபி ஸ்டாண்ட்பையின் ஃபைலிலும் அப்படியே காப்பி ஆகியிருந்தால் இதுதான் காரணம். இரண்டிலும் விர்ச்சுவல் ஐபி இருக்க வேண்டும். கோர்பா என்ற இதே போன்ற அழைப்பு முறையைப் பயன்படுத்தும் பழைய சிஸ்டங்களிலும் ஐஓஆருக்குள் (சேவையின் முகவரி உள்ள குறிப்பு) இதே சிக்கல் உண்டு.

கேள்வி: பாஸ்வேர்டு சரி, ஆனாலும் ஒருவராலும் லாகின் செய்ய முடியவில்லை.

டேட்டாபேஸ் இன்னும் ஸ்டாண்ட்பை நிலையிலேயே இருக்கும். லாகின் ஆனதும் கடைசி லாகின் நேரத்தை எழுதும் மென்பொருள்கள் உண்டு. ரீட் ஒன்லி டேட்டாபேஸில் எழுத முடியாமல் லாகினே தோற்கும். போஸ்ட்கிரேஸ் டேட்டாபேஸ் என்றால் ரெக்கவரி நிலையில் இருக்கிறதா என்று கேட்டால் ஆம் அல்லது இல்லை என்று சொல்லிவிடும். ஆம் என்றால் இன்னும் ஸ்டாண்ட்பைதான். அதுவும் சரியாக இருந்தால், இறந்துபோன செஷன்கள் லைசென்ஸ் எண்ணிக்கையை அடைத்துக்கொண்டிருக்கின்றனவா என்று பாருங்கள்.

கேள்வி: பிரௌசரில் எல்லோரையும் மறுபடி லாகின் பக்கத்துக்குத் தள்ளுகிறது. இது கோளாறா?

ஒரு முறை கேட்டால் இல்லை. செஷன் பழைய சர்வரின் நினைவகத்தில் இருந்தது, அதோடு போய்விட்டது. திரும்பத் திரும்பக் கேட்டால் கோளாறுதான். லாகின் டோக்கனில் கையெழுத்திடும் சாவியும் கடிகாரமும் இரண்டு சர்வரிலும் ஒன்றாக இருக்கின்றனவா என்று ஒப்பிடுங்கள்.

கேள்வி: புது சர்வரிலிருந்து கன்ஃபிகரேஷன் தள்ளினால் சில டிவைஸ்களில் லாக் (வேறு யாரும் மாற்றாதபடி போடும் பூட்டு) கிடைக்கவில்லை என்கிறது. லாக் போட்டவர் யாரும் இல்லையே?

இருக்கிறார்: விழுந்த சர்வர். டிவைஸ்களின் கன்ஃபிகரேஷனை மாற்றப் பயன்படும் நெட்கான்ஃப் நெறிமுறையில் லாக் செஷனோடு கட்டப்பட்டது. அந்த செஷனே லாக்கை விட வேண்டும், அல்லது செஷன் முடிய வேண்டும். டிவைஸின் பார்வையில் பழைய செஷன் இன்னும் முடியவில்லை. நல்ல வேளையாக, லாக் மறுக்கும் பதிலிலேயே அதை வைத்திருக்கும் செஷனின் எண் வரும். அந்த எண்ணைக் கொடுத்து கில் செஷன் அனுப்புங்கள். டிவைஸை ரீபூட் செய்யத் தேவையே இல்லை.

ஆனால் கொல்வதற்கு முன் யோசியுங்கள். கேண்டிடேட் கன்ஃபிகரேஷனில் (இன்னும் நடைமுறைக்கு வராத வரைவில்) பாதி எழுதியது இருந்தால், லாக் விடும்போது அந்த மாற்றங்கள் கைவிடப்படும். கன்ஃபர்ம்டு கமிட் (மாற்றத்தைச் செய்து, பிறகு உறுதி செய்யும் முறை) நடுவில் நின்றிருந்தால் டிவைஸ் பழைய கன்ஃபிகரேஷனுக்குத் திரும்பும். செஷன் முடிந்ததும் திரும்பும், இல்லாவிட்டாலும் உறுதி வராதபோது இயல்பாக 600 விநாடியில் திரும்பும். பெரும்பாலும் இது நல்லதே. ஆனால் என்எம்எஸ் (நெட்வொர்க் மேனேஜ்மென்ட் சிஸ்டம்) டேட்டாபேஸ் புது கன்ஃபிகரேஷன் இருப்பதாக நம்பிக்கொண்டிருக்கலாம், அதனால் மறுபடி சின்க் செய்யுங்கள்.

கேள்வி: மேம், கிளையன்ட் எல்லாம் சரி. டிவைஸ் தானாக அனுப்பும் அறிவிப்பான ட்ராப்தான் வரவில்லை. டிவைஸ்களைக் கண்காணிக்க எஸ்என்எம்பி 3 நெறிமுறையைப் பயன்படுத்துகிறோம்.

ட்ராப்பா இன்ஃபார்மா (பெற்றவர் ஒப்புதல் அனுப்ப வேண்டிய அறிவிப்பு) என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள், இரண்டுக்கும் காரணம் வேறு. ட்ராப்பில் டிவைஸின் என்ஜின் ஐடிதான் (எஸ்என்எம்பியில் அதன் அடையாள எண்) அதிகாரம். அந்த ஐடியோடு சேர்ந்த யூசர் பதிவு ஸ்டாண்ட்பையில் இல்லையென்றால் ட்ராப் வந்தும் சத்தமில்லாமல் தூக்கி எறியப்படும். பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப் கருவியில் 162 போர்ட்டில் பாக்கெட் தெரிகிறது, என்எம்எஸ்ஸில் தெரியவில்லை என்றால் இதுதான்.

இன்ஃபார்மில் அதிகாரம் பெறுபவருடையது, அதாவது உங்கள் சர்வருடையது. சிலர் இரண்டு சர்வருக்கும் ஒரே என்ஜின் ஐடி கொடுத்துவிடுகிறார்கள். அப்போது டிவைஸ் நினைவில் வைத்திருக்கும் பூட் எண்ணிக்கை (சர்வரின் எஸ்என்எம்பி எத்தனை முறை தொடங்கியது என்ற எண்) புது சர்வரின் எண்ணிக்கையை விட அதிகமாக இருந்தால், நேர எல்லைக்கு வெளியே என்று எல்லாம் நிராகரிக்கப்படும். அந்த எல்லை 150 விநாடி. பூட் எண்ணிக்கையும் பொருந்த வேண்டும். தனித்தனி ஐடி கொடுத்து, டிவைஸ் புதிதாகக் கண்டறியும்படி விடுவதே நல்லது.

அப்புறம், போலிங்கும் (சர்வரே டிவைஸிடம் அவ்வப்போது கேட்பது) நின்றிருந்தால் சோர்ஸ் ஐபியைப் பாருங்கள். புது சர்வர் தன் சொந்த ஐபியிலிருந்து கேட்கும். டிவைஸின் ஏசிஎல்லில் (அனுமதிக்கப்பட்ட முகவரிப் பட்டியலில்) அது இருக்காது.

கேள்வி: வருடா வருடம் ஃபெயில்ஓவர் டெஸ்ட் பாஸ் ஆகிறது. நிஜமாக விழும்போது மட்டும் கிளையன்ட் தொங்குகிறது. டெஸ்டில் என்ன குறை?

டெஸ்டில் சர்வீஸை முறையாக நிறுத்துகிறீர்கள். அப்போது எல்லா கிளையன்ட்டுக்கும் ஃபின் போகும். அவை உடனே மறுபடி இணையும். நிஜத்தில் ஃபின் வராது. அதனால் டெஸ்டில் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள், அல்லது ஃபயர்வாலில் பாக்கெட்டைச் சத்தமில்லாமல் டிராப் செய்யுங்கள். ரிஜெக்ட் வேண்டாம், அது பதில் அனுப்பிவிடும். கிளையன்ட்டுகளைத் திறந்து வைத்து, சும்மா இருக்கும் நிலையிலேயே சோதியுங்கள்.

கேபிளைத் திரும்பச் செருகும்போதும் கவனியுங்கள். கீப்அலைவ்டியில் அதிக பிரையாரிட்டி உள்ள பழைய சர்வர் எழுந்ததும் இயல்பாகவே மாஸ்டரைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். இப்போதுதான் இணைந்த எல்லோரும் இரண்டாவது முறை அறுபடுவார்கள். இரண்டு சர்வரையும் பேக்கப் நிலையில் தொடங்கவிட்டு நோபிரீஎம்ப்ட் (தானாகத் திரும்ப எடுக்காதே என்ற அமைப்பு) போட்டால், நீங்கள் தேர்ந்தெடுக்கும் நேரத்தில் திரும்ப மாற்றிக்கொள்ளலாம்.