முகம் அவருடையது, குரல் யாருடையதோ

அன்புள்ள ஆசிரியருக்கு,

பழைய பேய்ப்படங்களைப் பற்றிய குறிப்பொன்றில் 'பிளாக் சண்டே' என்ற இத்தாலியப் படத்தைப் போகிறபோக்கில் சொல்லிவிட்டுச் சென்றிருந்தீர்கள். தேடிப் பிடித்துப் பார்த்தேன். அதன் நாயகி பார்பரா ஸ்டீலின் கண்கள் இரண்டு நாட்களாக என்னை விடவில்லை. அந்த ஆவலில் அவருடைய வேறு சில படங்களையும் பார்த்தேன். ஏமாற்றம்தான். அதே பாழடைந்த கோட்டை, அதே மெழுகுவர்த்தி, அதே கல்லறை. புகழ்பெற்ற இத்தாலிய இயக்குநர் ஃபெல்லினியின் படத்தில்கூடச் சிறிய வேடம்தான். ஆங்கிலேயரான அவர் பேய்ப்படங்களுக்குப் பேர்போன தம் நாட்டு ஹாமர் நிறுவனத்தில் நடித்திருக்கக் கூடாதா? நல்ல நடிகை ஒருவர் மலிவுப் படங்களில் வீணாகிவிட்டார் என்றே தோன்றுகிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ஒரு வாசகர்,
கோவை

அன்புள்ள நண்பருக்கு,

வீணாகிவிட்டார் என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆனால் அவருக்கு ஓர் இழப்பு நேர்ந்தது. கண்களையே பார்த்துக்கொண்டிருந்ததால் அது உங்கள் காதில் விழவில்லை. அந்தப் படத்தில் நீங்கள் கேட்டது அவருடைய குரல் அல்ல.

லிவர்பூலுக்கு எதிர்க்கரையில் உள்ள பர்க்கன்ஹெட்டில் 1937இல் பிறந்தவர். பிரிட்டனின் ராங்க் படநிறுவனம் அவரை ஒப்பந்தம் செய்தது. சில சில்லறை வேடங்களுக்குப் பிறகு அந்த ஒப்பந்தத்தை ஹாலிவுட்டின் ஃபாக்ஸ் நிறுவனத்துக்குக் கைமாற்றிவிட்டது. எல்விஸ் பிரெஸ்லி நடித்த 'ஃப்ளேமிங் ஸ்டார்' படத்தில் நடிக்கப் போய்ப் பாதியில் விலகினார். அதே 1960இல் வெளிவந்ததுதான் இத்தாலிய இயக்குநர் மரியோ பாவாவின் 'பிளாக் சண்டே'. பிரிட்டிஷ் தணிக்கையாளர்கள் அதை 1968 வரை திரைக்கு வரவிடவில்லை. அவரை நட்சத்திரமாக்கிய படத்தை அவருடைய ஊர்க்காரர்கள் எட்டு ஆண்டுகள் பார்க்கவே முடியவில்லை. ஹாமர் அவரை ஏன் அழைக்கவில்லை என்று கேட்கிறீர்கள். அவர் அங்கே போகாததில் எனக்கு வருத்தமில்லை. ஹாமர் படங்களில் பெண்களுக்குப் பெரும்பாலும் ஒரே வேலைதான்: டிராகுலா வரும்வரை ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருப்பது.

பாவா அவருக்குக் கொடுத்தது இரண்டு வேடங்கள். ஆசா என்ற சூனியக்காரியின் முகத்தில், உட்புறம் ஆணிகள் நீட்டிக்கொண்டிருக்கும் முகமூடியை வைத்துச் சம்மட்டியால் அடிக்கிறார்கள். இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகு அதே குடும்பத்தில் அதே முகத்தோடு காத்யா என்ற இளவரசி. இடிந்த தேவாலயத்தின் வாசலில் இரண்டு நாய்களைப் பிடித்தபடி காத்யா முதன்முதலாக வந்து நிற்கும் காட்சியை மறுபடி பாருங்கள். அவள் எந்தத் தீங்கும் செய்யவில்லை. ஆனாலும் நமக்கு வயிற்றைப் புரட்டுகிறது, ஏனென்றால் அந்த முகத்தில் ஆணி இறங்கியதைச் சற்றுமுன்தான் பார்த்தோம். காத்யா வெறும் நல்ல பெண். எழுத்தில் சப்பென்ற பாத்திரம். அவளை நம்பவும் முடியாமல் வெறுக்கவும் முடியாமல் நாம் தவிப்பதற்கு அந்தப் பெரிய கண்களும் கன்ன எலும்புகளும்தான் காரணம். ஒளிப்பதிவாளராக இருந்து இயக்குநரான பாவாவுக்கு அந்த முகத்தில் வெளிச்சத்தை எங்கே விட வேண்டும் என்று தெரிந்திருந்தது.

குரல் மட்டும் இரவல். இரவல் குரல் நமக்கொன்றும் புதிதல்ல. அன்றைய இத்தாலியிலும் அது அன்றாட வழக்கம்தான். இங்கே ஒரு வேடிக்கை உண்டு. பேய்ப்படம் என்றால் அது இங்கிலாந்திலிருந்து வர வேண்டும் என்று இத்தாலிய ரசிகர்கள் நினைத்தார்கள். அதனால் இயக்குநர்கள் ஆங்கிலப் பெயர் சூட்டிக்கொண்டார்கள். ரிக்கார்டோ ஃப்ரேடா, ராபர்ட் ஹாம்ப்டன் ஆனார். அந்தோனியோ மார்கரீத்தி, ஆன்டனி டாசன் ஆனார். ஊரே ஆங்கிலேய வேடம் கட்டிக்கொண்டிருந்தபோது, உண்மையாகவே இங்கிலாந்திலிருந்து வந்தவரின் குரலை மட்டும் எடுத்துவிட்டார்கள்! சரி, ஆங்கிலம் பேசும் அமெரிக்காவிலாவது விட்டார்களா? 1961இல் ரோஜர் கார்மன் எடுத்த 'தி பிட் அண்ட் தி பெண்டுலம்' படத்தில் அவருடைய உச்சரிப்பு மற்ற நடிகர்களோடு ஒட்டவில்லை என்று அங்கேயும் வேறொருவரைப் பேசவைத்தார்கள்.

அதே கோட்டை, அதே மெழுகுவர்த்தி என்று அலுத்துக்கொள்கிறீர்கள். கோட்டையைப் பற்றி நீங்கள் சொல்வது சரி. ஆனால் ஃப்ரேடாவின் இரண்டு படங்களை அடுத்தடுத்துப் பாருங்கள். 1962இல் வந்த 'தி ஹாரிபிள் டாக்டர் ஹிச்காக்'கில் அவர் பிணங்கள்மேல் மோகம் கொண்ட மருத்துவரின் இரண்டாம் மனைவி. பயந்து நடுங்குவது மட்டுமே வேலை. (மர்மப்பட இயக்குநர் ஹிட்ச்காக்கின் பெயரில் ஒரு 'ட்' குறைந்தால் வழக்கு வராது என்று நினைத்தார்கள் போலும்.) அடுத்த ஆண்டு 'தி கோஸ்ட்' படத்தில் காதலனோடு சேர்ந்து கணவனைக் கொல்லத் திட்டமிடும் மனைவி. கடைசியில் அந்தக் காதலனையே சவரக்கத்தியால் வெட்டுகிறார். வெட்டுப்படுபவனின் இடத்தில் கேமரா நிற்கிறது; கத்தி நம்மை நோக்கி வருகிறது, ரத்தம் திரையில் வழிகிறது. அப்போது அந்த முகத்தில் கோபத்தைவிட ஆசுவாசம்தான் அதிகம் தெரிகிறது. இதற்கு வசனம் எதற்கு?

மற்றவற்றில் பலவற்றை நானும் பரிந்துரைக்க மாட்டேன். 1968இல் தாய்நாட்டில் எடுத்த 'கர்ஸ் ஆஃப் தி கிரிம்சன் ஆல்டர்' படத்தில் பேய்ப்பட நட்சத்திரங்களான போரிஸ் கார்லாஃபும் கிறிஸ்டோபர் லீயும் இருந்தும், அவரைப் பச்சை வண்ணம் பூசி, கொம்பு வைத்து உட்காரவைத்தார்கள். ஃபெல்லினியின் '8½'இல் வேடம் சிறியதுதான், ஆனால் அவர் ட்விஸ்ட் ஆடும்போது வேறு யாரையும் பார்க்கத் தோன்றாது. எழுபதுகளில் டேவிட் குரோனன்பர்க், ஜோ டான்டே போன்ற இளம் இயக்குநர்கள் தேடிவந்து அழைத்தார்கள்.

இனிச் சவப்பெட்டியிலிருந்து எழுந்துவரும் வேடமே வேண்டாம் என்று அவர் சலித்துக்கொண்டதும் உண்டு. அந்தச் சலிப்பைப் படித்துத்தான் பலரும் உங்களைப்போல முடிவுகட்டிவிடுகிறார்கள். பிற்பாடு அவர் என்ன ஆனார் என்று பார்ப்பதில்லை. இயக்குநர் டான் கர்ட்டிஸோடு சேர்ந்து தொலைக்காட்சித் தயாரிப்பில் இறங்கினார். இரண்டாம் உலகப் போரைப் பற்றிய 'வார் அண்ட் ரிமெம்பரன்ஸ்' தொடரின் தயாரிப்பாளர்களில் அவரும் ஒருவர். ஆஷ்விட்ஸ் வதைமுகாமிலேயே சென்று படம்பிடித்த தொடர் அது. சிறந்த குறுந்தொடருக்கான எம்மி விருதை 1989இல் பெற்றது.

1991இல் கர்ட்டிஸ் தம் பழைய 'டார்க் ஷேடோஸ்' தொடரைப் புதிதாக எடுத்தபோது மீண்டும் நடிக்க வந்தார். ரத்தக்காட்டேரி கதைதான். ஆனால் இந்த முறை அவர் டாக்டர் ஜூலியா ஹாஃப்மன். சவப்பெட்டியில் படுத்திருப்பவனுக்குச் சிகிச்சை அளிக்கும் மருத்துவர். அதைப் பாருங்கள். குரலும் அவருடையதுதான்.

அன்புடன்