வீட்டுக்கு வீடு குப்பையைத் தரம் பிரித்து வாங்கும் முறை உங்கள் தெருவுக்கு வந்தபோது மக்கள் எப்படி எடுத்துக்கொண்டார்கள்?

எங்கள் தெருமுனையில் கிடந்த இரும்புத் தொட்டியை ஒருநாள் லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பச்சைக் கூடையில் மக்கும் குப்பை, நீலக் கூடையில் மக்காத குப்பை, காலை ஏழு மணிக்குப் பேட்டரி வண்டி வரும், கையில் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் அறிவிப்பு.

முதலில் கிளம்பிய புகார் நேரத்தைப் பற்றியது. இரவு ஷிப்ட் முடித்துவிட்டு ஐந்து மணிக்குப் படுப்பவர் ஏழு மணிக்கு எப்படிக் கீழே இறங்குவார்? எங்கள் மாடிக்காரர் பையை கேட்டில் மாட்டிவிட்டுத் தூங்கினார், நாய்கள் இழுத்துப் போட்டு வாசலெல்லாம் மீன் முள். அடுத்து, கீழ்வீட்டு ஓய்வுபெற்ற மாமாவின் கேள்வி: "வரியும் கட்டணும், குப்பையும் நாமே பொறுக்கணுமா?" 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே, பிரித்துக் கொடுப்பது வீட்டுக்காரரின் பொறுப்பு என்று இருக்கிறது என்றேன். அவர் சமாதானமாகவில்லை, சொத்து வரியோடு குப்பைக்கும் சேர்த்து வாங்குகிறார்களே, அதற்கு என்ன சொல்கிறாய் என்றார். நியாயமான கேள்விதான்.

தெருக்கூட்டம் ஒன்று நடந்தது. பேசியவர்கள் எல்லாரும் ஆண்கள். அதில் பாதிப் பேருக்குத் தன் வீட்டுக் குப்பைக்கூடை எந்த மூலையில் இருக்கிறது என்றாவது தெரியுமா என்பது சந்தேகம். (நானும் அந்தப் பாதியில்தான் இருந்தேன்.) பிரிக்கும் வேலை போய் விழுந்தது பெண்கள் தலையில், வீட்டு வேலைக்கு வரும் அக்கா தலையில். அம்மா மூன்றே நாளில் பழகிவிட்டார். அவர் பிறந்த வீட்டில் காய்கறித் தோலும் சாம்பலும் எருக்குழிக்குப் போகும், காகிதமும் பாட்டிலும் பழைய பேப்பர்காரருக்குப் போகும், மிச்சம் என்று பெரிதாக ஒன்றும் இருக்காதாம். இப்போதும் பால் கவரைக் கழுவி ஜன்னல் கம்பியில் காயவைத்துச் சேர்த்து, கிலோ கணக்கில் பேப்பர் கடையில் போட்டுவிடுகிறார். ஆக, காசாகும் பொருளை வீடுகளே விற்றுவிட, நீலக் கூடையில் போவது பெரும்பாலும் யாருக்கும் வேண்டாத சிப்ஸ் பாக்கெட்டும் பிஸ்கட் உறையும்தான். அட்டையும் பாட்டிலும் கிடைத்தால் தூய்மைப் பணியாளருக்கு நாலு காசு கூடுதலாகக் கிடைத்திருக்கும். இதைப் பற்றிக் கூட்டத்தில் யாரும் பேசவில்லை.

குழப்பங்களும் இருந்தன. தேங்காய் மட்டை மக்கும், ஆனால் மாசக்கணக்கில் ஆகும் என்பதால் பச்சையோடு சேர்க்காதீர்கள் என்றார்கள். சானிடரி நாப்கின்னைச் சுற்றிக் கட்டி மக்காத குப்பையோடு கொடுக்க வேண்டும் என்பது அப்போதிருந்த விதி. விதி சரி, ஆனால் நடுத்தெருவில் நின்று ஒரு ஆண் பணியாளர் கையில் அதைக் கொடுக்க எத்தனை பெண்களுக்கு மனம் வரும்? வண்டிக்கு ஒரு அக்கா வந்த பிறகுதான் அந்தச் சங்கடம் குறைந்தது.

இதெல்லாம் சமாளித்துவிடலாம். முறையே உடைந்துபோனது வேறு ஒரு நாளில். ஒரு மதியம் மெயின்ரோட்டில் எங்கள் பச்சையையும் நீலத்தையும் ஒரே லாரியில் கொட்டியதை ஒருவர் வீடியோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். மறுநாளே பாதி வீடுகள் எல்லாவற்றையும் ஒரே கவரில் கட்டிக் கொடுத்தன. நானும்தான். இரண்டு மாசம் பாடுபட்டுப் பழகியது ஒரு நிமிட வீடியோவில் போனது. மக்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கலந்துபோன குப்பை நேராகக் கிடங்குக்குத்தான் போகும், அங்கே ஈரக் குப்பை காற்றில்லாமல் அழுகி மீத்தேன் உண்டாகும், ஒரு பொறி போதும். 2022-இல் சென்னை பெருங்குடியிலும் 2023-இல் கொச்சி பிரம்மபுரத்திலும் குப்பைக் கிடங்குகள் நாள்கணக்கில் எரிந்த புகையை எல்லாரும் பார்த்தோம்.

பச்சையும் நீலமும் கலக்காமல் உள்ளே தடுப்பு வைத்த வண்டி வர அப்புறம் நாலு மாசம் ஆனது. அதற்குள் என்னைத் திருத்தியது அந்த வண்டிக்கார அக்காதான். ஒருநாள் தெருவோரம் உட்கார்ந்து எங்கள் கவரை அவிழ்த்துக் கையால் பிரித்துக்கொண்டிருந்தார். "சோத்துக்குள்ள பிளேடு கிடக்கு தம்பி, பாருங்க" என்று விரலைக் காட்டினார். சவரம் செய்யும் பிளேடு, எங்கள் வீட்டில் அதை வைத்திருப்பது நான் ஒருவன்தான். அன்றிலிருந்து பிளேடையும் உடைந்த பல்பையும் காகிதத்தில் சுற்றித் தனியாகக் கொடுக்கிறேன், மற்றதையும் பிரிக்கிறேன்.

இப்போது ஐந்தாறு வீடுகள் தவிர மற்றவர்கள் பிரித்தே கொடுக்கிறார்கள். கீழ்வீட்டு மாமாவும்தான், அதுவும் மற்ற வீட்டுக் கூடைகளை எட்டிப் பார்த்து அதட்டும் அளவுக்கு! பழைய தொட்டி இருந்த மூலையில் மட்டும் ராத்திரியில் கவர் விழுவது ரொம்ப நாள் நிற்கவே இல்லை. இடத்தைக் கழுவிக் கோலம் போட்டோம், சுவரில் பிள்ளையார் படம் ஒட்டினோம். படம் ஒட்டிய பிறகு அங்கே யாரும் போடுவதில்லை. இருபதடி தள்ளி மின்பெட்டி பக்கத்தில் போடுகிறார்கள்.