வாசகர் கேள்விகள்: ஆசிரியர் டிலேனுக்கு வந்த தபால்

கே: விக்டோரியா ராணி காலத்துப் பத்திரிகை ஆசிரியர்களின் சொந்தக் கடிதங்களைப் பற்றியே அடிக்கடி எழுதுகிறீர்களே. அவர்கள் நடத்திய பத்திரிகையைப் படித்தால் போதாதா?

ப: போதாது. லண்டன் ‘டைம்ஸ்’ தலையங்கத்தில் எழுதியவர் பெயரே இருக்காது. யார் எழுதினார், எந்த மந்திரி காதில் போட்டார் என்பதெல்லாம் கடிதங்களில்தான் கிடைக்கும்.

எனக்கு மிகவும் பிடித்தவர் ஜான் டிலேன். 1841-இல் 23 வயதில் டைம்ஸின் ஆசிரியரானார். 1877 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். மாலையில் பெரிய மனிதர்கள் வீட்டு விருந்து, அப்புறம் அலுவலகம், விடியும் நேரத்தில்தான் வீடு. பெரிய அரசியல் தலைவர்களான பாமர்ஸ்டனும் அபர்டீனும் அவருக்கு நன்றாகப் பழக்கம்.

பிரிட்டனும் பிரான்ஸும் ரஷ்யாவை எதிர்த்து நடத்திய கிரிமியப் போருக்கு வில்லியம் ஹோவர்ட் ரஸ்ஸல் என்ற நிருபரை அவர் அனுப்பியிருந்தார். 1854 ஏப்ரலில் துருக்கியின் கல்லிப்போலியிலிருந்து ரஸ்ஸல் அவருக்கு எழுதிய கடிதத்தைப் படித்தால் மனம் பதறுகிறது. நோயாளிச் சிப்பாய்களுக்குப் படுக்கை இல்லை. கப்பலிலிருந்து இறக்கி ஓர் ஆட்டம் கண்ட வீட்டில் போட்டுவிட்டார்கள். அங்கே ஒரு நாற்காலி, மேசைகூடக் கிடையாது. கூட வந்த பிரெஞ்சுப் படையின் ஏற்பாடுகளோ எவ்வளவோ மேல். இதையெல்லாம் சொல்லட்டுமா, வாயை மூடிக்கொண்டு இருக்கட்டுமா என்று கேட்கிறார் ரஸ்ஸல். அச்சில் துணிச்சலாகத் தெரியும் மனிதர் தன் ஆசிரியரிடம் மட்டும் இப்படித் தயங்கிக் கேட்கிறார். இந்தத் தயக்கத்தைப் பத்திரிகையில் நீங்கள் பார்க்கவே முடியாது.

டிலேன் சொன்ன பதில்: உண்மையை முடிந்தவரை சொல்லிக்கொண்டே இருங்கள், வம்பில் மாட்டிவிடக்கூடிய விமர்சனத்தை, ஆபத்தில்லாத இடத்தில் இருக்கும் எங்களிடம் விட்டுவிடுங்கள். பிரிட்டிஷ் படைத் தளபதி ராக்லன் முகம்கொடுத்துப் பேசாத ஒரு நிருபருக்கு இதைவிட என்ன தெம்பு வேண்டும்? ஓர் ஆசிரியர் செய்ய வேண்டிய வேலை இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கே: ரஸ்ஸலின் அந்தரங்கக் கடிதங்களை டிலேன் மந்திரிகளிடம் காட்டினாராமே, அது சரியா?

ப: காட்டினார். எனக்கு அதில் தப்புத் தெரியவில்லை. அச்சில் போட முடியாத விஷயமும் முடிவெடுப்பவர்கள் கண்ணில் பட்டாக வேண்டும் அல்லவா? கடிதத்தைக் காட்டியதோடு அவர் கடமை முடிந்துவிட்டது என்று இருந்திருந்தால்தான் குறை சொல்வேன். 1854 டிசம்பரில் டைம்ஸ் தலையங்கங்கள் ராணுவ நிர்வாகத்தைக் கிழித்தெறிந்தன. அடுத்த மாதமே விசாரணைக் குழு கேட்டு பாராளுமன்ற உறுப்பினர் ரோபக் கொண்டுவந்த தீர்மானம் 305-க்கு 148 என்ற கணக்கில் நிறைவேறியது. பிரதமர் அபர்டீன் பதவி விலகினார்.

இந்த அபர்டீன் யார் தெரியுமா? வெளிநாட்டுத் தானியத்துக்கு வரி போட்ட தானியச் சட்டங்கள் ரத்தாகப் போகின்றன என்று 1845 டிசம்பர் 4-ஆம் தேதி டைம்ஸ் வெளியிட்டு நாட்டையே உலுக்கியதே, அந்த மந்திரிசபை ரகசியத்தை டிலேனிடம் சொன்னவரே, அப்போது வெளியுறவு மந்திரியாக இருந்த இவர்தான்.