பல் துலக்கும்போது ரத்தம் வருகிறது, ஆனால் வலி இல்லை: கவனிக்க வேண்டுமா?

கேள்வி: எனக்கு 46 வயது. ஏழெட்டு மாதங்களாகப் பல் துலக்கும்போது ரத்தம் வருகிறது. கொய்யாப்பழத்தைக் கடித்தால் கடித்த இடத்தில் சிவப்புத் தெரிகிறது. வலி சிறிதும் இல்லை. வாய் நாற்றம் அடிப்பதாக மகள் சொல்கிறாள். மேல் முன்பற்களுக்கு நடுவே முன்பு இல்லாத இடைவெளி விழுந்திருக்கிறது. சில ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறேன். என் அம்மாவுக்கு ஐம்பது வயதுக்குள் எல்லாப் பற்களும் விழுந்துவிட்டன. எனக்கும் அப்படித்தான் ஆகுமா? பல்லை கிளீன் செய்துகொண்டால் பற்கள் ஆடத் தொடங்கிவிடும் என்று அக்கம்பக்கத்தில் சொல்கிறார்களே, உண்மையா? இப்போதைக்கு உப்பும் கரித்தூளும் வைத்துத் தேய்க்கிறேன். ரத்தம் வரும் இடத்தில் பிரஷ் படாமல் பார்த்துக்கொள்கிறேன்.
- வாசகி, திண்டுக்கல்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, உங்கள் கேள்விகளுக்கு வருவதற்கு முன்னால், கடைசி வரியில் போகிறபோக்கில் நீங்கள் எழுதியிருப்பதைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. புண்பட்ட இடத்தைத் தொடாமல் விடுவது இயல்பான எச்சரிக்கைதான். ஆனால் ஈறு விஷயத்தில் அந்த எச்சரிக்கையே நோயை வளர்க்கிறது. ரத்தம் கசியும் இடத்தில்தான் கிருமிப் படலம் தங்கியிருக்கிறது. அங்கே பிரஷ் போகாவிட்டால் படலம் தடித்து வீக்கம் கூடும். வீக்கம் கூடினால் ரத்தம் இன்னும் எளிதாக வரும். அதைக் கண்டு நீங்கள் இன்னும் ஒதுங்குவீர்கள். ஆகவே இன்றிரவு முதல் மென்மையான இழைகள் கொண்ட பிரஷால் அந்த இடத்தையும் சேர்த்தே துலக்குங்கள். முதல் சில நாட்களுக்கு ரத்தம் வரத்தான் செய்யும். அதற்காக நிறுத்திவிடாதீர்கள்.

பல்லும் ஈறும் சேரும் விளிம்பில் பாக்டீரியாக்கள் நாள்தோறும் பிசுபிசுப்பான படலமாகப் படிகின்றன. அதை அகற்றாமல் விட்டால் என்ன நடக்கும் என்பதை ஹரால்ட் லோ என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகரில் நடத்தி 1965இல் வெளியிட்ட ஆய்வு ஐயத்துக்கு இடமின்றிக் காட்டியது. ஈறு நன்றாக இருந்த 12 பேர் பல் துலக்குவதை நிறுத்தினார்கள். 10 முதல் 21 நாட்களுக்குள் அனைவருக்கும் ஈறு அழற்சி வந்துவிட்டது. மறுபடி துலக்கத் தொடங்கியதும் ஏறக்குறைய ஒரு வாரத்தில் ஈறு பழைய நிலைக்குத் திரும்பியது. இந்த முதல் கட்டத்தில் நோய் சுவடில்லாமல் குணமாகிவிடும் என்பதால்தான், ரத்தம் எட்டிப் பார்த்த முதல் வாரத்திலேயே அதைப் பொருட்படுத்துங்கள் என்று மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறோம்.

படலம் நீங்காமல் நாட்கணக்கில் தங்கினால் உமிழ்நீரில் உள்ள சுண்ணாம்புச் சத்து அதில் படிந்து காரையாக இறுகிவிடுகிறது. நல்ல வெளிச்சத்தில் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு கீழ் முன்பற்களின் உட்புறத்தைப் பாருங்கள். நாக்குக்கு அடியில் உமிழ்நீர்ச் சுரப்பியின் குழாய் திறக்கும் இடம் அதற்கு மிக அருகில் இருப்பதால், காரை முதலில் படிவது பெரும்பாலும் அங்கேதான். ஈற்றை ஒட்டி மஞ்சளாகவோ பழுப்பாகவோ ஒரு திட்டுத் தெரியும். நாக்கால் தடவினால் சொரசொரப்பாக இருக்கும். அதை எந்தப் பற்பசையாலும் எந்தப் பொடியாலும் வீட்டில் அகற்ற முடியாது.

இரண்டாம் கட்டத்தைத்தான் நான் உங்கள் விஷயத்தில் சந்தேகிக்கிறேன். பழைய தலைமுறையினர் பயோரியா என்று சொன்ன நோய் இது. ஈற்றுக்கும் பல்லுக்கும் இடையே எல்லோருக்கும் ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டர் வரை ஆழமுள்ள ஒரு சிறிய பள்ளம் உண்டு. அழற்சி நீடிக்கும்போது ஈறு பல்லிலிருந்து பிரிந்து பள்ளம் ஆழமாகிறது. நான்கு மில்லிமீட்டரைத் தாண்டிவிட்டால் பிரஷின் இழைகள் அடிவரை எட்டா. உள்ளே தங்கும் கிருமிகளை எதிர்க்கும் முயற்சியில் உடலின் சொந்த அழற்சியே பல்லைத் தாங்கும் எலும்பைக் கரைக்கத் தொடங்குகிறது. ஆற்றங்கரை மரத்தின் அடிமண் அரித்துப்போவது போல, மேலே பல் பார்வைக்குச் சேதமில்லாமல் நிற்கும்போதே கீழே பிடிமானம் போய்க்கொண்டிருக்கும்.

இது பெரும்பாலும் வலிக்காது. சொத்தைப் பல்லில் வலி எழுவது உள்ளிருக்கும் நரம்பு பாதிக்கப்படுவதால். ஈறு நோயில் அந்த நரம்புக்கு நெடுநாள் வரை ஒன்றும் ஆவதில்லை. சீழ் கட்டி வீங்கினால்தான் வலி வரும், அப்போது பாதி எலும்பு போயிருக்கவும் கூடும். ஆகையால் வலி இல்லை என்பதை நலத்தின் அடையாளமாகக் கொள்ள வேண்டாம். ஈறு இறங்கிப் பல் நீளமாகத் தெரிவது, பற்களுக்கு நடுவே புதிய இடைவெளி விழுவது, குளிர்ந்த நீர் பட்டால் கூசுவது, பல் விளக்கியும் போகாத நாற்றம், ஈற்றை அழுத்தினால் கசியும் சீழ், கடிக்கும்போது பற்கள் முன்புபோல் பொருந்தாமை ஆகியவையே இந்த நோயின் அறிகுறிகள். நிறத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஆரோக்கியமான ஈறு இளஞ்சிவப்பாக இருக்கும் என்று புத்தகங்கள் சொல்லும். ஆனால் நம்மில் பலருக்கு ஈறு இயல்பிலேயே கருத்தோ பழுப்பாகவோ இருக்கும், அது நோயல்ல. ஈற்றின் விளிம்பு மெல்லியதாகப் பல்லோடு ஒட்டி இறுக்கமாக இருக்கிறதா, அல்லது உப்பிப் பளபளத்துத் தொளதொளவென்று இருக்கிறதா என்று பாருங்கள்.

உங்கள் அம்மாவைப் பற்றிய கேள்விக்கு, இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டங்களில் இதே லோ குழுவினர் 1970இல் தொடங்கிய ஆய்வில் பதில் இருக்கிறது. பிரஷால் துலக்கும் பழக்கமோ பல் மருத்துவ வசதியோ இல்லாத 480 ஆண் தொழிலாளர்களைப் பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். எல்லோருடைய வாயிலும் படலமும் காரையும் இருந்தன. ஆனால் நோய் எல்லோரிடமும் ஒரே வேகத்தில் பரவவில்லை: 8 சதவீதத்தினருக்கு வேகமாகவும் 81 சதவீதத்தினருக்கு மிதமாகவும் முற்றியது, மீதி 11 சதவீதத்தினருக்கு ஈறு அழற்சியைத் தாண்டி நோய் போகவே இல்லை. வாழ்க்கை முறை ஒன்றாகவே இருந்தும் உடல்வாகால் இவ்வளவு வேறுபாடு வருகிறது. உங்கள் அம்மா வேகமாக முற்றும் கூட்டத்தைச் சேர்ந்தவராக இருந்திருக்கலாம், அந்தத் தன்மை உங்களுக்கும் வந்திருக்கலாம். ஆனால் அந்தத் தொழிலாளர்களுக்குச் சிகிச்சை கிடைக்கவில்லை என்பதை மறந்துவிடாதீர்கள். பரம்பரையாக வருவது நோய்க்கு எளிதில் ஆட்படும் தன்மை மட்டுமே. படலத்தைத் தினமும் அகற்றி, ஆழமான பள்ளங்களைச் சுத்தம் செய்து, காலாகாலத்தில் பரிசோதித்துக்கொள்ளும் ஒருவருக்கு அம்மாவின் கதி வந்தே தீரும் என்பதில்லை.

உங்களைப் பொறுத்தவரை பரம்பரையைவிடச் சர்க்கரையே எனக்கு அதிகக் கவலை தருகிறது. ரத்தத்தில் சர்க்கரை கட்டுக்குள் இல்லாதபோது கிருமிகளை எதிர்க்கும் ஆற்றலும் திசுக்கள் ஆறும் வேகமும் குறைவதால் ஈறு நோய் விரைந்து முற்றுகிறது. மறுபக்கம், ஈற்றில் நீடிக்கும் அழற்சி சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதைக் கடினமாக்குகிறது. ஈறுக்கு முறையாகச் சிகிச்சை செய்தபின் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு சற்றுக் குறைவதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆகவே பல் மருத்துவரிடம் போகும்போது கடைசியாக எடுத்த ரத்தப் பரிசோதனை முடிவையும் சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டையும் கொண்டுபோங்கள். ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் போன்ற மாத்திரை சாப்பிடுவதாக இருந்தால் அதையும் சொல்லுங்கள், ஏனெனில் அது சிலருக்கு ஈற்றை வளரச் செய்யும். எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்த வேண்டாம்.

பல்லை கிளீன் செய்தால் ஆடும் என்ற பேச்சால் எத்தனையோ பேர் காப்பாற்றியிருக்கக்கூடிய பற்களை இழந்திருக்கிறார்கள் என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தரும் விஷயம். அவர்கள் கண்டது பொய்யல்ல, காரணத்தைத்தான் தவறாகப் புரிந்துகொண்டார்கள். காரை பற்களுக்கு நடுவே அடைத்துக்கொண்டு, எலும்பு கரைந்த பற்களை ஒன்றோடொன்று தற்காலிகமாகப் பிணைத்திருக்கும். அதை எடுத்ததும் முன்பே இருந்த ஆட்டம் வெளிப்படுகிறது, வீங்கியிருந்த ஈறு சுருங்கி முன்பே இருந்த இடைவெளி தெரிகிறது, மூடிக்கிடந்த வேர்ப்பகுதி திறப்பதால் சில நாட்களோ சில வாரங்களோ கூச்சம் இருக்கிறது. கருவியின் அதிர்வு காரையை உடைக்கிறதே தவிர, முறையாகச் செய்யும்போது எனாமலைத் தேய்த்துவிடுவதில்லை.

மருத்துவர் மில்லிமீட்டர் கோடுகள் இட்ட ஒரு மெல்லிய கம்பியை ஈற்றோரம் மெதுவாக விட்டு ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் ஆழத்தை அளப்பார். எலும்பின் அளவை அறிய எக்ஸ்ரே எடுப்பார். இந்த இரண்டையும் செய்யாமல் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு மாத்திரையோ மருந்துத் தண்ணீரோ மட்டும் எழுதிக் கொடுத்தால், பள்ளத்தின் ஆழத்தை அளக்கும்படி நீங்களே கேளுங்கள். மேலே உள்ள காரையை எடுத்தபின், ஆழமான இடங்களில் மரத்துப்போக ஊசி போட்டு வேர்ப்பகுதியைச் சுத்தம் செய்வார்கள். ஓரிரு மாதங்கள் கழித்து மறுபடி அளந்து, குறையாத பள்ளங்களுக்கு மட்டும் சிறிய அறுவைச் சிகிச்சை தேவையா என்று முடிவு செய்வார்கள். கரைந்த எலும்பு தானாகத் திரும்ப வளராது. இருப்பதைக் காப்பதே பெரும்பாலான சிகிச்சையின் இலக்கு. தனியார் மருத்துவமனைச் செலவு சுமையாக இருந்தால், சென்னை, சிதம்பரம், புதுக்கோட்டை ஆகிய ஊர்களில் உள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரிகளை நாடலாம். உங்களுக்குப் புதுக்கோட்டை பக்கம்.

உப்பையும் கரித்தூளையும் இன்றோடு விட்டுவிடுங்கள். அவை பல்லைத் தேய்த்து ஈற்றைக் கீறுகின்றன. பள்ளத்துக்குள் இருக்கும் கிருமியை அவை தொடுவதே இல்லை. பிரஷைப் பல்லும் ஈறும் சேரும் விளிம்பில் சாய்த்து வைத்து, அழுத்தாமல், சிறு அசைவுகளாக இரண்டு நிமிடம் துலக்குங்கள். காலையில் மட்டும் துலக்கும் பழக்கம் நம் வீடுகளில் பரவலாக உண்டு. ஈறு நோய் உள்ளவர்களுக்கு இரவுத் துலக்கல் அதைவிட முக்கியம். பற்களின் இடுக்குகளுக்கென்றே மருந்துக் கடைகளில் கிடைக்கும் சிறிய இடுக்குப் பிரஷில் உங்களுக்குப் பொருந்தும் அளவை மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். குளோர்ஹெக்சிடின் கலந்த வாய்க் கொப்பளிப்பானை மருத்துவர் சொன்ன நாட்களுக்கு மேல் தொடர வேண்டாம். பல்லில் கறை படியும், நாக்கின் ருசியும் மாறும்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் இரண்டு செய்திகள். புகை பிடிப்பவர்களுக்கு ஈற்றின் ரத்த நாளங்கள் சுருங்கியிருப்பதால் நோய் முற்றிய பிறகும் ரத்தம் அதிகம் வராது. ரத்தம் இல்லை என்று அவர்கள் நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. காய்ச்சலோடு ஈற்றில் ரத்தம் வந்தால் அது டெங்குவின் அபாய அறிகுறியாக இருக்கலாம்; உடம்பில் காரணமில்லாமல் நீலத் திட்டுகள், மிகுந்த சோர்வு, எடை குறைதல் ஆகியவற்றோடு வந்தால் ரத்தத்தையே பரிசோதிக்க வேண்டும். அப்போது பல் மருத்துவரிடம் முறை வாங்கிக் காத்திருக்காமல் அன்றே பொது மருத்துவரிடம் போக வேண்டும்.

உங்கள் சிகிச்சை முடிந்த பிறகும் மூன்று மாதங்களுக்கு ஒருமுறை போய்ப் பள்ளங்களை அளந்துகொள்ளுங்கள். நிலைமை சீரானபின் அந்த இடைவெளியை ஆறு மாதமாக்குவதை மருத்துவர் முடிவு செய்வார். போகும்போது உங்கள் மகளையும் அழைத்துச் சென்று அவளுடைய ஈறுகளையும் ஒருமுறை அளக்கச் சொல்லுங்கள்.