தோல்வி குறைந்தது, புள்ளியும் குறைந்தது

வாசகர் கேள்வி – பதில்

இங்கிலாந்தின் பிரீமியர் லீக் கால்பந்தில் 2025-26 பருவத்தின் முதல் ஆட்டத்தை ஆர்சனல் 2025 ஆகஸ்ட் 17 அன்று ஓல்ட் டிராஃபோர்டில் மான்செஸ்டர் யுனைடெட் அணியுடன் ஆடியது; அதற்குச் சற்று முன் வந்த கடிதங்களும் அப்போது எழுதிய பதில்களும் இவை. 2003-04க்குப் பிறகு அதுவரை லீக் பட்டத்தைத் தொடாத அணி, அதற்கு முந்தைய மூன்று பருவங்களிலும் இரண்டாமிடத்திலேயே நின்றுவிட்ட அணி என்பதால், அதன் ரசிகர்கள் எழுதிய கடிதங்களில் உற்சாகத்தைவிட ஆதங்கமே மிகுந்திருந்தது. பலருடைய கேள்வி ஒன்றாகவே இருந்த இடங்களில் ஒரு கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: 2024-25 பருவத்தில் ஆர்சனல் நான்கு ஆட்டங்களில்தான் தோற்றது. பட்டம் வென்ற லிவர்பூலும் நான்கில்தான் தோற்றது. அப்படியிருக்க, பத்துப் புள்ளி இடைவெளி எப்படி வந்தது? முன்னால் நின்று கோல் அடிக்கும் நல்ல ஸ்ட்ரைக்கர் இல்லாததுதானே ஒரே காரணம்?
— வாசகர், திருநெல்வேலி

பதில்: உங்கள் கணக்கை இன்னும் ஓரடி நீட்டினால் விடை தானாக வந்துவிடும். லிவர்பூல் 25 வெற்றி, 9 டிரா, 4 தோல்வி என்று 84 புள்ளிகள் எடுத்தது. ஆர்சனல் 20 வெற்றி, 14 டிரா, 4 தோல்வி என்று 74 புள்ளிகள் எடுத்தது. வெற்றிக்கு மூன்று புள்ளி, டிராவுக்கு ஒன்று என்பதால், வெற்றியாக வேண்டிய ஐந்து ஆட்டங்கள் டிராவாக முடிந்தால் ஆட்டத்துக்கு இரண்டு வீதம் பத்துப் புள்ளிகள் போகும். இடைவெளி முழுவதும் அதுதான். இதைவிட வேடிக்கை, 2023-24இல் ஐந்து ஆட்டங்களில் தோற்றும் ஆர்சனல் 89 புள்ளிகள் எடுத்திருந்தது. தோல்வி ஒன்று குறைந்த ஆண்டில் புள்ளி பதினைந்து குறைந்திருக்கிறது.

ஆகவே அந்த 14 டிராக்களைத்தான் பிரித்துப் பார்க்க வேண்டும். பிரைட்டனுடன் 1-1, மான்செஸ்டர் சிட்டியுடன் 2-2 என்று முடிந்த ஆட்டங்களில் முறையே டெக்லான் ரைஸும் லியாண்ட்ரோ ட்ரொஸ்ஸார்டும் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறினார்கள். பத்துப் பேருடன் ஆடிய அந்த இரண்டையும் ஸ்ட்ரைக்கர் கணக்கில் எழுத முடியாது. ஆஸ்டன் வில்லாவுடன் சொந்த மைதானத்தில் 2-0 என்று முன்னிலை பெற்று 2-2 ஆக்கிக்கொண்டார்கள். பிரென்ட்ஃபோர்டுடனும் கிறிஸ்டல் பேலஸுடனும் கூட, முன்னிலை பெற்ற பிறகே வெற்றியைக் கைவிட்டார்கள். கோலே விழாமல் முடிந்தவை என்று எவர்ட்டன், நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் ஆட்டங்களைச் சொல்லலாம். ஸ்ட்ரைக்கர் இல்லாத குறை நேரடியாகத் தெரிந்த இடங்கள் அவை.

கோல்களின் எண்ணிக்கை 91இலிருந்து 69ஆகச் சரிந்தது உண்மை. ஆனால் 91 கோல் அடித்த பருவத்திலும் உங்கள் மனத்தில் இருக்கும் வகை ஸ்ட்ரைக்கர் அணியில் இல்லை. அப்போது புகாயோ சாகா 16, காய் ஹாவெர்ட்ஸ் 13, ட்ரொஸ்ஸார்ட் 12 என்று பலர் பங்குபோட்டு அடித்தார்கள். அடுத்த பருவத்தில் சாகா 6, கேப்டன் மார்ட்டின் ஓடெகார்ட் 8இலிருந்து 3. லீக்கில் அணியின் அதிகபட்சமே ஹாவெர்ட்ஸ் அடித்த 9தான். ஒரே இடம் காலியாக இருந்ததால் 22 கோல்கள் குறைந்துவிடவில்லை. கோல் அடிப்பவர்கள், அடிக்கக் கொடுப்பவர்கள் என்று பலரும் ஒரே காலத்தில் படுத்துவிட, அவர்கள் இடத்தை நிரப்பப் பெஞ்சில் ஆள் இல்லாமல் போனதே முதல் குறை என்பது என் கருத்து.

கேள்வி: 2025 பிப்ரவரியில் நடுக்கள வீரர் ஒருவரை முன்னால் நிறுத்தி ஆடும் நிலை வந்தது. அது துரதிர்ஷ்டமா, நிர்வாகத்தின் தவறா?
— வாசகி, கோயம்புத்தூர்

பதில்: பாதி துரதிர்ஷ்டம்; மீதி, தெரிந்தே எடுத்த துணிச்சல். டிசம்பரில் சாகாவுக்குத் தொடைத் தசை கிழிந்தது. ஜனவரியில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிரான எஃப்.ஏ. கோப்பை ஆட்டத்தில் ஸ்ட்ரைக்கர் காப்ரியேல் ஜெசுஸின் முழங்கால் தசைநார் அறுந்தது. பிப்ரவரித் தொடக்கத்தில் நியூகாஸிலில் இடப்பக்க ஆட்டக்காரர் மார்ட்டினெல்லி நொண்டிக்கொண்டே வெளியேறினார். ஓய்வும் பயிற்சியுமாகத் துபாய் போன இடத்தில் ஹாவெர்ட்ஸும் விழுந்தார். இப்படி நால்வர் வரிசையாக விழுவார்கள் என்று யாரும் திட்டமிட்டிருக்க முடியாது.

ஆனால் 2024 ஆகஸ்ட் இறுதியில் எடி நெக்கெட்டியாவைக் கிறிஸ்டல் பேலஸுக்கு விற்றுவிட்டு, அவர் இடத்துக்கு இன்னொரு ஸ்ட்ரைக்கரை வாங்காமல் விட்டது திட்டமிட்ட செயல்தான். அந்த விற்பனைக்கு ஒரு நியாயம் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அப்போதைய பிரீமியர் லீக் விதிப்படி ஓர் அணி மூன்றாண்டுக் காலத்தில் 10.5 கோடி பவுண்டுக்கு மேல் நட்டம் காட்டக் கூடாது. வெளியிலிருந்து வாங்கும் வீரரின் விலையை ஒப்பந்த ஆண்டுகளுக்குப் பிரித்துச் செலவாக எழுதுவார்கள். சொந்தப் பயிற்சிப் பள்ளியில் வளர்த்த பிள்ளையை விற்றால் வருகிற தொகை முழுவதும் அந்த ஆண்டிலேயே இலாபமாக ஏறிவிடும். எமில் ஸ்மித் ரோவ் ஃபுல்ஹாமுக்குப் போனதும், நெக்கெட்டியா போனதும் கணக்குப் புத்தகத்துக்கு அழகு சேர்த்தன. கடைசி நேரத்தில் செல்சியிடமிருந்து கடனாக வந்த ரஹீம் ஸ்டெர்லிங்கோ பக்கவாட்டில் ஆடும் விங்கர். அவரும் லீக்கில் ஒரு கோல்கூட அடிக்காமல் திரும்பினார். ஜெசுஸ் விழுந்த பிறகும், வீரர்களை வாங்கி விற்கும் ஜனவரி சந்தை மூடும்வரை ஒருவரையும் வாங்கவில்லை. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

நீங்கள் சொல்லும் அந்த நடுக்கள வீரர் மிக்கேல் மெரினோ தன் பங்கைச் செவ்வனே செய்தார் என்பதை மறந்துவிடக் கூடாது. லெஸ்டருக்கு எதிராக மாற்று ஆட்டக்காரராக இறங்கி, முன்னால் நின்று, இரண்டு கோல் அடித்து வெற்றி தேடித் தந்தார். அதற்கடுத்த மூன்று லீக் ஆட்டங்களில் வெஸ்ட் ஹாமிடம் 0-1, ஃபாரஸ்டுடன் 0-0, யுனைடெட்டுடன் 1-1 என்று ஆனபோது பட்டப் போட்டி முடிந்துவிட்டது.

கேள்வி: தோல்வியே காணாத 2003-04 அணியும் 12 ஆட்டங்களை டிரா செய்ததே! அவர்களைக் கொண்டாடுகிறோம், இவர்களைக் குறை சொல்கிறோம். இது என்ன நீதி?
— வாசகர், தஞ்சாவூர்

பதில்: நல்ல மடக்கு. அந்த அணி மீதமிருந்த 26 ஆட்டங்களையும் வென்றது; 90 புள்ளிகளுடன், இரண்டாமிடத்தில் வந்த செல்சியைவிடப் பதினொரு புள்ளி முன்னால் நின்றது. வெல்லாத ஆட்டங்கள் அங்கே 12, இங்கே 18. ஒன்றை மட்டும் உங்களுக்கு விட்டுக்கொடுக்கிறேன்: அந்த அணியின் மொத்த கோல்களும் 73தான், 2024-25இன் 69ஐவிட நான்கே அதிகம். ஆனால் அவற்றில் முப்பதைத் தியரி ஹென்றி ஒருவரே அடித்தார். அப்படி ஒருவர் இருந்தால் குறைந்த கோல்களைக்கூட வெற்றிகளாகப் பரப்பிவிடலாம் என்று சொல்பவர்களுக்கு இது வலுவான சான்று. முதல் கடிதக்காரர் இதைப் படித்து மகிழக் கூடும்.

கேள்வி: போர்த்துகல் லீக்கில் 33 ஆட்டங்களில் 39 கோல் அடித்த விக்டர் யோக்கெரெஸ் வந்துவிட்டார். ஹென்றி அணிந்த 14ஆம் எண்ணும் அவருக்குக் கிடைத்திருக்கிறது. இனியும் சந்தேகம் எதற்கு?
— வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: சந்தேகம் அவருடைய திறமையில் இல்லை. ஆறு கோடி யூரோவுக்கு மேல் கொடுத்து வாங்கப்பட்டபோது இவருக்கு வயது 27. கற்றுக்கொள்ளட்டும் என்று காத்திருக்கும் வயதன்று. இங்கிலாந்துக்கும் இவர் புதியவர் அல்லர். கவென்ட்ரி சிட்டிக்காக 2022-23இல் இரண்டாம் நிலை லீக்கில் 21 கோல் அடித்திருக்கிறார். இருந்தாலும் போர்த்துகல் லீக்கின் எண்களை அப்படியே இங்கே பெயர்த்து நட முடியாது. பென்ஃபிக்காவுக்கு ஒரே லீக் பருவத்தில் 26 கோல் அடித்த டார்வின் நூன்யஸ், லிவர்பூலில் தன் முதல் பருவத்தில் அடித்தது ஒன்பது.

என் கவலை ஆட்டத்தின் தன்மையைப் பற்றியது. 2024 நவம்பரில் லிஸ்பனின் ஸ்போர்ட்டிங் அணிக்காக இவர் மான்செஸ்டர் சிட்டிக்கு எதிராக மூன்று கோல் அடித்தபோது, முன்னேறி நின்ற சிட்டியின் தற்காப்புக்குப் பின்னால் ஓடுவதற்கு ஒரு வயல்வெளியே கிடந்தது. அதே மாதம் லிஸ்பனுக்கு வந்த ஆர்சனல் 5-1 என்று வென்றது. ஆர்சனலின் தற்காப்பு வீரர்கள் காப்ரியேல் மகல்யாயெஸும் வில்லியம் சலிபாவும் இவரை ஒரு கோலும் அடிக்க விடவில்லை. இனி ஆர்சனலை எதிர்க்கும் பெரும்பாலான அணிகள் பத்துப் பேரையும் தங்கள் கோல் எல்லைக்கு முன்னால் அடுக்கிவைத்துத்தான் ஆடும். அங்கே ஓட இடமில்லை, திரும்பக்கூட இடமில்லை. ஆட்டம் திறந்துகொண்ட கடைசி அரைமணி நேரத்தில், முன்னிலையைக் காக்க வேண்டிய வேளையில், எதிரணி ஏறிவரும்போது இவர் பெரும் ஆயுதமாவார். வில்லாவுடன் 2-0 முன்னிலை கரைந்த அந்த இரவில் இப்படி ஒருவர் இருந்திருந்தால் என்று நானும் எண்ணிப் பார்த்ததுண்டு. எனவே இவரும் உடல்நலம் பெற்ற ஹாவெர்ட்ஸும் ஆட்டத்துக்கு ஏற்ப மாறிமாறி ஆடுவதே முறை. ஹாவெர்ட்ஸின் இடம் பறிபோய்விட்டது என்று எழுதும் அவசரக்காரர்களுடன் எனக்கு உடன்பாடில்லை.

கேள்வி: கோல்காப்பில் ஏதாவது குறை உண்டா?
— வாசகர், நாகர்கோவில்

பதில்: இல்லை. 2024-25 பருவத்தில் லீக்கிலேயே மிகக் குறைவாக, 34 கோல் மட்டும் வாங்கிய அணி இது. டேவிட் ராயாவுக்குத் துணையாகக் கெப்பாவும் வந்திருக்கிறார்.

கேள்வி: புதிதாக வாங்கப்பட்ட நோனி மடுவேக்கே வேண்டாம் என்று ஆயிரக்கணக்கான ரசிகர்கள் மனுவில் ஒப்பமிட்டார்களே, அது சரிதானா? இடப்பக்கம் பலவீனமாக இருக்கும்போது வலப்பக்கத்துக்கு ஏன் இன்னொருவர்?
— வாசகி, மதுரை

பதில்: அணிக்குள் கால்வைக்கும் முன்பே 23 வயது இளைஞர் ஒருவரை வாசலில் நிறுத்தி விரட்டுவது ரசிகர்களுக்கு அழகன்று. வலப்பக்கத்தில் சாகாவுக்கு ஓய்வு கொடுக்க ஆள் இல்லாமல் அவரை ஓட்டி ஓட்டித்தான் அந்தத் தசை கிழிந்தது என்று நம்புகிறவன் நான். அந்த வகையில் மடுவேக்கேயின் தேவை உண்மையானது.

ஆனால் உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதிதான் சரியான இடத்தில் விரல் வைக்கிறது. மார்ட்டினெல்லி 2022-23இல் லீக்கில் 15 கோல் அடித்தார். அடுத்த இரண்டு பருவங்களில் 6, 8. எல்லோரும் அவரைத் திட்டுகிறார்கள். அந்த முதல் பருவத்தில் அவருக்குப் பக்கத்தில் கிரானிட் ஷாக்கா இருந்தார் என்பதையும், 2023இல் ஷாக்கா லெவர்குசெனுக்குப் போன பிறகு அந்த இடத்தில் ஹாவெர்ட்ஸ், ரைஸ், மெரினோ என்று ஆள் மாறிக்கொண்டே இருந்ததையும் யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை. வலப்பக்கத்தில் சாகா, ஓடெகார்ட், பென் வைட் மூவரும் கண்ணைக் கட்டிவிட்டாலும் ஒருவரையொருவர் கண்டுபிடிப்பார்கள்; இடப்பக்கத்தில் அப்படியொரு மூவர் இன்றுவரை அமையவில்லை. தாமஸ் பார்ட்டி, ஜார்ஜினியோ இருவரும் விலகியதை ஈடுகட்ட மார்ட்டின் சுபிமெண்டியும் கிறிஸ்டியன் நோர்கார்டும் வந்திருப்பதால், ரைஸ் முன்னேறி இடப்பக்கமே நிலைகொள்ள வழி பிறந்திருக்கிறது. அதற்கு மேலும், தனியாகவே ஒரு தற்காப்பைத் திறக்கத் தெரிந்த ஒருவர் அங்கே வேண்டும். 2025 செப்டம்பர் 1 வரை சந்தை திறந்திருந்தது. நிர்வாகம் இன்னொரு முறை பணப்பையைத் திறக்க வேண்டியிருந்தது இந்த இடத்துக்குத்தான்.

கேள்வி: சலிபாவும் காப்ரியேலும் இருக்கும்போது வலென்சியாவிலிருந்து கிறிஸ்தியன் மொஸ்கேராவை வாங்கியது வீண்செலவில்லையா?
— வாசகர், வேலூர்

பதில்: 2023 மார்ச்சை நினைத்துப் பாருங்கள். அட்டவணையில் முதலிடத்தில் இருந்த ஆர்சனல், யூரோப்பா லீக்கில் ஸ்போர்ட்டிங்குடன் ஆடிய ஒரே இரவில் சலிபாவையும் இன்னொரு தற்காப்பு வீரர் தோமியாசுவையும் காயத்தால் இழந்தது. மாற்றாக வந்த ராப் ஹோல்டிங் உழைப்பாளி. ஆனால் சலிபாவைப் போல மைதானத்தின் நடுக்கோடுவரை ஏறிநின்று ஆடக் கூடியவர் அல்லர். தற்காப்பு வரிசை பத்தடி பின்வாங்கியது. அதனுடன் அணியே பின்வாங்கியது. ஏப்ரலில் லிவர்பூலுடன் 2-2, வெஸ்ட் ஹாமுடன் 2-2, கடைசி இடத்தில் கிடந்த சவுத்தாம்டனுடன் 3-3, பிறகு சிட்டியிடம் 1-4. பட்டம் ஐந்து புள்ளியில் போனது. 2025 ஏப்ரலிலும் காப்ரியேல் காயத்தால் விலகினார். யாக்கூப் கிவியோர் தாங்கிப் பிடித்ததால்தான் ரியல் மாட்ரிடை வென்று சாம்பியன்ஸ் லீக் அரையிறுதிவரை போக முடிந்தது. இவ்வளவுக்குப் பிறகும் மூன்றாவது தற்காப்பு வீரரை வீண்செலவு என்றால் எப்படி?

கேள்வி: ஜூலை 27 அன்று சிங்கப்பூர் தேசிய விளையாட்டரங்கில் ஆர்சனல் நியூகாஸிலை 3-2 என்று வென்றதை நேரில் பார்த்தேன். மேக்ஸ் டவ்மன் என்ற பதினைந்து வயதுச் சிறுவன் அனைவரையும் எழுந்து நிற்கவைத்தான். இவனையும் ஈத்தன் நுவானேரியையும் வைத்துக்கொண்டு ஏன் வெளியே தேட வேண்டும்? கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவதாகாதா?
— வாசகர், சிங்கப்பூர்

பதில்: உங்களைப் பார்த்துப் பொறாமைப்படுகிறேன், நான் தொலைக்காட்சியில்தான் பார்த்தேன், அன்று பெனால்டி வாங்கித் தந்த ஓட்டத்தை மூன்று முறை திருப்பிப் போட்டுப் பார்த்தேன். இளையவர்களை வைத்திருப்பதில் விதியளவிலும் நன்மை உண்டு. பிரீமியர் லீக் அணி பதிவுசெய்யும் 25 பேர் பட்டியலில் 21 வயதுக்குட்பட்டவர்களைச் சேர்க்க வேண்டியதில்லை. நுவானேரி, மைல்ஸ் லூயிஸ்-ஸ்கெல்லி, டவ்மன் மூவரும் அந்த 25க்கு மேல் கிடைக்கும் ஆட்கள்.

ஆனால் வெண்ணெய் உருகி நெய்யாக நேரம் வேண்டும். நுவானேரி 2022 செப்டம்பரில் 15 வயதில் முதன்முறை களமிறங்கி லீக்கின் மிக இளைய ஆட்டக்காரர் என்ற பெயர் பெற்றார். அடிக்கடி ஆடும் வாய்ப்பு அவருக்கு 2024-25 பருவத்தில்தான் வந்தது, அதுவும் சாகாவும் ஓடெகார்டும் காயம்பட்டதால். டவ்மனைக் கோப்பை ஆட்டங்களில், ஆட்டம் கைக்கு வந்துவிட்ட கடைசி இருபது நிமிடங்களில் இறக்கிப் பார்க்கலாம். இடப்பக்கக் குறைக்கு இவர்தான் மருந்து என்று பயிற்சியாளர் மிக்கேல் ஆர்டெட்டா இப்போதே எழுதிவைத்தால், நவம்பரில் ஒரு டிராவுக்குப் பிறகு அந்தச் சிறுவன் பெயரைச் சொல்லித் திட்டும் கடிதங்கள் இதே பகுதிக்கு வந்து சேரும்; அவற்றுக்குப் பதில் எழுத எனக்கு விருப்பமில்லை.