வெல்டிங் மெஷின் இல்லாமல் அலுமினியத்தை வீட்டிலேயே ஒட்ட முடியுமா?

ஒட்டலாம். ஆனால் வீடியோவில் காட்டுகிற மாதிரி ஒட்டாது. நீங்களும் அதைப் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஒருவர் தீ உமிழும் கேஸ் டார்ச்சைக் காட்டுவார், அலுமினியம் ஒட்டுவதற்கென்றே விற்கும் கம்பியால் தொடுவார், ஓட்டை விழுந்த குளிர்பான டின் பளபளவென்று அடைபட்டுவிடும். நானும் அதை நம்பித்தான் பத்துக் கம்பி வரவழைத்தேன்.

எங்கள் வீட்டில் துணி காயப்போடும் ஸ்டாண்டின் கால் முறிந்துவிட்டது. மெல்லிய அலுமினியக் குழாய், ஈரக் கம்பளியைத் தாங்கவில்லை. கம்பளியைப் போட்டது யார் என்பது இப்போது வேண்டாம். மொட்டைமாடியில் உட்கார்ந்து சின்ன பியூட்டேன் டார்ச்சைக் காட்டினேன். கம்பி உருகியது, உருண்டது, தரையில் விழுந்தது. குழாயில் ஒரு பொட்டுகூடப் பிடிக்கவில்லை.

விஷயம் பிறகுதான் புரிந்தது. அலுமினியத்தின் மேல் எப்போதும் ஓர் ஆக்சைடு படலம் இருக்கும். உலோகம் 660 டிகிரியில் உருகிவிடும், ஆனால் அந்தப் படலம் உருக 2000 டிகிரிக்கு மேல் வேண்டும். தேய்த்து எடுத்தாலும் உடனே மறுபடி படர்ந்துவிடும். அதனால் தின்னரால் துடைத்து, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பிரஷ்ஷால் தேய்த்து, கம்பி உருகி நிற்கும்போதே அந்த பிரஷ்ஷை அதற்குள் விட்டுச் சுரண்டவும் வேண்டும். இன்னொன்று, தீயைக் கம்பிக்குக் காட்டக் கூடாது. குழாயைச் சூடாக்கி, தீயை விலக்கிவிட்டுக் கம்பியால் உரச வேண்டும். குழாயின் சூட்டிலேயே கம்பி உருகினால்தான் பிடிக்கும்.

சரி என்று தெரிந்த ஏ.சி. மெக்கானிக்கிடம் பெரிய டார்ச் வாங்கி மறுநாள் உட்கார்ந்தேன். இரும்பாவது சிவந்து எச்சரிக்கும். அலுமினியம் நிறம் மாறாமலே இருந்துவிட்டுத் தொப்பென்று தொய்ந்துவிட்டது. ஒரு சாண் குழாய் போச்சு.

அந்த நேரம் பார்த்து அசோசியேஷன் செயலாளர் மூச்சிரைக்க மேலே வந்தார், மாடியில் தீ வைக்கிறேனாம். தண்ணீர்த் தொட்டி வால்வு ஆறு மாதமாக ஒழுகுகிறது, நான்கு முறை எழுதிக் கொடுத்தேன். அதற்கு ஏறி வராத கால் இதற்கு மட்டும் ஐந்து நிமிடத்தில் வந்துவிட்டது. மெயின்டனன்ஸ் பணத்தை மட்டும் ஒன்றாம் தேதியே கேட்பார்கள்.

கடைசியில் ஸ்டாண்டைக் காப்பாற்றியது பாப் ரிவெட், அதாவது துளைக்குள் விட்டு கன்னால் இழுத்து இறுக்கும் ஆணி. தொய்ந்ததை ஹேக்சாவால் அறுத்துவிட்டு, உள்ளே இறுக்கமாக நுழையும் சிறிய அலுமினியக் குழாய் ஒன்றை இரண்டு பக்கமும் மூன்று அங்குலம் போகும்படி வைத்தேன். உப்புத்தாளால் தேய்த்து அரால்டைட் பசை தடவி, டிரில்லில் துளை போட்டு, பக்கத்துக்கு இரண்டு ரிவெட் அடித்து, ஒரு நாள் முழுக்கத் தொடாமல் விட்டேன். ரிவெட்டும் அலுமினியமாகவே இருக்கட்டும். இரும்பு போட்டால் ஈரத்தில் அந்த இடம் அரிக்கும். இரண்டு வருடமாக நிற்கிறது, கம்பளியோடு.

வெல்டிங் தெரிந்தவர்கள் சண்டைக்கு வர வேண்டாம். கம்பியால் ஒட்டுவது வெல்டிங் இல்லை, கம்பி 450 டிகிரிக்குக் கீழே உருகினால் அது சோல்டரிங் என்பது எனக்கும் தெரியும். கம்பியே மோசம் என்றும் சொல்லவில்லை. அப்புறம் அதே கம்பியில் பூந்தொட்டி ஸ்டாண்டின் 3 மி.மீ. தடிமனுள்ள ஆங்கிளை (L வடிவப் பட்டையை) ஒட்டினேன், நன்றாகவே பிடித்தது. ஏணி, குக்கர், பைக் பாகம் என்றால் மட்டும் இதில் எதையும் செய்யாதீர்கள். ஆர்கான் வெல்டிங் கடைக்கே எடுத்துப் போங்கள்.